குதிரையில் உட்கார முடியாத மேலங்கி

காசு கொடுத்து வாங்குகிற சரக்கு இலவசமாகக் கிடைப்பதைவிட மட்டமாக இருக்கிற கடை ஒன்று உண்டென்றால், அது ஆன்லைன் விளையாட்டுக்குள் இருக்கிற கடைதான். யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. அந்தக் கடைக்குச் சரக்கு செய்து கொடுத்தவளே நான்தான். நான்கு வருடம் செய்தேன். தங்கக் கரை போட்ட அங்கி, தீப்பிடித்து எரியும் தோள்கவசம், மண்டையோடு பதித்த தொப்பி, எதற்கென்றே தெரியாமல் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜோடி இறக்கை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. திருவிடந்தை தாண்டி ஈ.சி.ஆர். ஓரத்தில், யாரோ பணக்காரர் வார இறுதியில் வந்து தங்கக் கட்டிய பங்களாவை வாடகைக்கு எடுத்து எங்கள் ஸ்டுடியோ நடந்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் கிடையாது, ஜெனரேட்டர் இருந்தது. ஹாலிலும் படுக்கையறைகளிலும் நாற்பது பேர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்போம். திரையில் நிறம் சரியாகத் தெரியவேண்டும் என்று எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி. இருநூறு அடி தள்ளிக் கடல். அது இருக்கிறது என்பது கணினிப் பெட்டிகளில் ஏறுகிற துருவை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

வேலை இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஆன்லைன் விளையாட்டு நடத்தியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம். சேர்ந்ததும் உனக்கென்று ஒரு வீரன், அல்லது ஒரு வீராங்கனை. அந்த உருவத்துக்கு உடுத்திப் பார்க்க ஆடை ஆபரணம் வேண்டுமென்றால் மட்டும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிற கடையில் நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த ஆடையால் வீரனுக்குப் பலம் கூடாது, வேகம் கூடாது, உயிரும் கூடாது. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அழகைத் தவிர வேறு எந்தப் பிரயோஜனமும் இல்லாத பொருள். அப்படியென்றால் அந்த அழகாவது உருப்படியாக இருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கேட்டு நான் அந்த பங்களாவில் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அந்த விளையாட்டில் ஒரு தோல் சட்டை சும்மா கொடுப்பார்கள். விளையாட்டை முதலில் உருவாக்கிய ஆட்கள் செய்தது. முழங்கை தேய்ந்து வெளுத்திருக்கும். ஒரு தோளில் தையல் பிரிந்து, வேறு நிற நூலால் திரும்பத் தைத்திருக்கும். கழுத்துப் பட்டையின் உள்பக்கம் வியர்வை பட்டுக் கறுத்திருக்கும். செய்தவர் யாரோ தெரியாது, ஆனால் அந்த மனிதர் ஒரு பழைய சட்டையைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்திருக்கிறார். மாதிரிக்கென்று கம்பெனி அனுப்பியிருந்த அதன் கோப்பை நான் ஒரு திரையில் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு திரையில் என் கண்றாவியைச் செய்துகொண்டிருப்பேன்.

நாங்கள் எதை அனுப்பினாலும் அங்கிருந்து ஒரே பதில்தான் வரும். இன்னும் பிரீமியமாக வேண்டும். பிரீமியம் என்றால் என்ன என்று ஒருமுறை நானே மெயில் எழுதிக் கேட்டேன். பதிலுக்கு மூன்று படங்கள் வந்தன. மூன்றிலும் தங்கம், மூன்றிலும் தீ. எங்கள் மேலாளருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் அதற்கு முன் கிரானைட் ஏற்றுமதியில் இருந்தவர். பளபளத்தால் தரம் என்பது அவர் கணக்கு.

"மேடம், கல்யாண மண்டப வாசல்ல சீரியல் லைட்டு போடறாங்கல்ல? அந்த எஃபெக்ட் இருக்கணும். தூரத்துல வரும்போதே தெரியணும்" என்றார்.

சொன்னதோடு நிற்காமல் ஒரு தாளை அச்சடித்து எல்லோர் மேசைக்கும் மேலே ஒட்டவும் வைத்தார். தங்கம் இருக்கிறதா? ஒளிர்கிறதா? தூரத்திலிருந்து தெரிகிறதா? மூன்றுக்கும் டிக் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். போட்டிருப்பவனால் கையைத் தூக்க முடிகிறதா என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. கேட்கவும் வழியில்லை. ஏனென்றால் எங்களிடம் இருந்த வீரன் கையைத் தூக்கவே மாட்டான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விறைப்பாக, அப்படியே நிற்பான். அளவெடுக்கிற பொம்மை மாதிரி அந்த ஒரு நிலையைத்தான் கம்பெனி எங்களுக்கு அனுப்பியிருந்தது. அவன் நடப்பது, ஓடுவது, உட்காருவது எல்லாம் அவர்களுடைய ரகசியமாம், வெளியே தரமாட்டார்களாம்.

சரி, விளையாட்டையாவது திறந்து பார்க்கலாமே என்றால், அதுவும் முடியாது. விளையாட்டுத் தளம் எதையும் அலுவலகத்தில் திறக்கக்கூடாது என்று பூட்டி வைத்திருந்தார்கள். வேலை நேரத்தில் ஆடிவிடுவோமாம்! வீட்டில் இணையம் வைத்திருந்தவரும் எங்களில் யாருமில்லை. விளையாட்டுக்கு உடுப்பு செய்கிற நாற்பது பேர், அந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை. வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அந்த வருடம் ஜூனில் அவள் வந்தாள். இருபத்திரண்டு வயது. சதுரங்கப்பட்டினம் காலனியிலிருந்து. செங்கல்பட்டில் ஒரு மையத்தில் கம்ப்யூட்டர் வரைகலை படித்துவிட்டு, நேர்முகத்துக்கு வந்த முதல் இடமே எங்கள் ஸ்டுடியோ. அவள் தாத்தா காலத்தில் வீட்டில் எல்லோரும் ஊராருடைய நிலத்தில் கூலி வேலை. அம்மா, செங்கல்பட்டு போகும் வழியில் இருக்கிற ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வருகிற வெள்ளைச் சட்டைகளைக் குழல் விளக்குக்குக் கீழே விரித்து வைத்து நூல் பிசிறு தேட வேண்டும். பதினொரு வருடம். கண் இரண்டும் எப்போதும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருக்குமாம்.

"ஆறு மாசம் கயிச்சு பர்மனென்ட் லெட்டர் குடுப்பாங்க இல்லக்கா? அது கைக்கு வந்த அன்னிக்கே எங்கம்மா வேலைய வுட்டுடணும். சொல்லி வெச்சிகீறேன்" என்று சேர்ந்த முதல் வாரமே என்னிடம் சொன்னாள்.

நான் அவளுக்கு டீம் லீட். என்னைவிட ஏழு வயது சின்னவள். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் வேலை, அதனால் நான் தொண்ணூறுகளில் வளர்ந்ததெல்லாம் டவுன்ஷிப்பில். அங்கிருந்து சதுரங்கப்பட்டினம் நடக்கிற தூரம்தான், ஆனாலும் அந்தக் காலனிக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. எங்கள் ஆபீஸ் வேன் என்னை ஏற்றிக்கொண்டு, முக்கில் நின்று அவளை ஏற்றிக்கொள்ளும். மாமல்லபுரம் தாண்டும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். இவள் இல்லாவிட்டால் அந்த வேலையை நான் இன்னும் சீக்கிரம் விட்டிருப்பேன்.

வந்த பத்தாவது நாள் கை விரித்து நின்ற வீரனைக் காட்டிச் சொன்னாள். "அக்கா, எங்க சர்ச்சுல ஏசுநாதர் நிக்கிறாப்புலயே கீறான் பாரு. இவன இப்டியே நிக்க வெச்சிகினு சட்ட தெச்சா, எறங்கி நடந்தா எப்டி இருக்கும்னு எவனுக்குத் தெரியும்?"

அறை முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

அந்தக் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒரு மேலங்கி கேட்டார்கள். நான் முதலில் வரைந்தது பழுப்புக் கம்பளித் துணி. தோளில் கனமாக உட்கார்ந்து, கீழ் ஓரத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். பனியில் நடந்து வந்தவனுடையது என்று பார்த்ததும் தெரியும். எனக்கே பிடித்திருந்தது, அது அபூர்வம். ஒரே நாளில் திரும்பி வந்தது. அழுக்கை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டிருந்தார்கள். மேலாளர் சேற்றை எடுக்கச் சொன்னார். பிறகு பழுப்பை எடுக்கச் சொன்னார். கடைசியில் சிவப்பு வெல்வெட், கணுக்கால்வரை நீளம், நாலு விரல் தங்கக் கரை, கரையோரம் பூரா எரிகிற நெருப்பு. எரிகிற துணியை எவனாவது தோளில் போட்டுக்கொள்வானா? நான் தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது.

உருவம் செய்தது அவள். அனுப்புகிற அன்றைக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இத்த போட்டுகினு குதிர மேல உக்காந்தா இன்னா ஆவும்?"

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க. நீ அனுப்பு."

"இல்லக்கா, பின்னாடி ஒரே துணியா கீது..."

"அனுப்புடீன்னா."

அனுப்பிவிட்டாள்.

மேலங்கி பிய்த்துக்கொண்டு விற்றது. நாங்கள் செய்ததிலேயே அதிகம் விற்ற சரக்கு என்று மெயில் வந்து, மேலாளர் கேக் வாங்கி வெட்டினார். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தான் செய்ததை யாராவது போட்டுக்கொண்டு நடப்பதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று நச்சரித்தாள். மாமல்லபுரத்து பிரவுசிங் சென்டர்கள் வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்கிற இடம், அங்கே விளையாட்டு கிடையாது. செங்கல்பட்டில் ஒரு சென்டரில் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள் என்று அவளுடன் படித்தவள் சொல்லியிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம்.

ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் சென்டர். ஓனர் ஒரு மூலையைக் காட்டி, அந்த ஆள்தான் சதா இதை ஆடிக்கொண்டிருப்பார் என்றார். முப்பது வயது இருக்கும். மருந்துக் கடையில் வேலையாம், மதிய ஷிப்டுக்குப் போகும்வரை ஆட்டம். நாங்கள் பின்னால் போய் நின்றோம். திரையில் அவருடைய வீரன் நின்றுகொண்டிருந்தான், தோளில் எங்கள் மேலங்கி. அவள் என் கையை நறுக்கென்று கிள்ளினாள். நின்றபோது நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பிறகு வீரன் நடந்தான். இரண்டு முழங்கால்களும் துணியைக் கிழித்துக்கொண்டு மாறி மாறி வெளியே வந்து போயின. கத்தியை உருவக் கையைத் தூக்கினான், தோளில் இருந்த தங்கக் கரை கன்னத்துக்குள் புகுந்தது. 

"அண்ணாத்த, கொஞ்சம் குதிர மேல ஏத்திக் காட்டேன்" என்றாள் அவள்.

அந்த ஆள் திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தார். "அத்த ஏம்மா கேக்கற? இன்னா கொடும பாரு" என்று ஏற்றினார்.

கணுக்கால்வரை நீண்ட அந்தச் சிவப்பு வெல்வெட், வீரன் உட்கார்ந்ததும் குதிரையின் முதுகுக்குள் நேராக இறங்கி, வயிற்றைத் துளைத்துக்கொண்டு கீழே வந்து தொங்கியது. தங்கக் கரை, நெருப்பு எல்லாம் குதிரையின் வயிற்றுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. குதிரை பாட்டுக்கு ஓடியது.

"சிங்கப்பூர்ல கீற மச்சான்காரன் கார்டுல வாங்கி அனுப்பிச்சான். டப்பு குடுத்து வாங்கி பேஜாராப் போச்சு. பாக்கறவன்லாம் சிரிக்கிறான். இன்னியோட கழட்டிப் போட்டுட்டு அந்த ஓசி தோல் சட்டையதான் போட்டுகினு சுத்தப்போறேன். எவன் செஞ்சானோ, அவன் கைய ஒடைக்கணும்" என்றார் அந்த ஆள்.

அவள் முகம் சுண்டிவிட்டது. நான் அவளை இழுப்பதற்குள் சொல்லிவிட்டாள். "நாங்கதான் செஞ்சோம் அண்ணாத்த."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போம்மா! இதெல்லாம் வெள்ளக்காரன் செய்றது. காலாங்காத்தால கலாய்க்கிறியா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. சேற்றை எடுக்கச் சொன்ன வெளிநாட்டுக்காரன் மேல், சீரியல் லைட்டு கேட்ட மேலாளர் மேல், விளையாட்டைப் பூட்டி வைத்தவன் மேல். அந்த மருந்துக் கடைக்காரர் மேலும்தான். விளையாட்டுக் கடையில் பார்த்தபோது உன் கண் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தக் கடையை, கம்பெனி அனுப்பிய விளம்பர வீடியோவில் நானும் பார்த்திருக்கிறேன். அங்கே வீரன் ஒரு பீடத்தின் மேல் ஆடாமல் அசையாமல் நின்று மெல்லச் சுற்றுவான். உட்காரமாட்டான், நடக்கமாட்டான். நாங்கள் செய்ததெல்லாம் அந்தப் பீடத்துக்குத்தான் என்பது எனக்கு அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. வாங்குகிறவரைக்கும் நன்றாக இருந்தால் போதும். வாங்கின பிறகு அவன் எக்கேடு கெட்டால் இவர்களுக்கென்ன?

திங்கட்கிழமை அதே மேலங்கியை இன்னும் ஆறு நிறத்தில் கேட்டு மெயில் வந்திருந்தது. நீலம், பச்சை, ஊதா என்று. உருவத்தைத் தொடக்கூடாது, நிறம் மட்டும் மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அவளுடைய ஆறு மாதம் முடிவதும் அந்த வெள்ளிக்கிழமைதான். லெட்டர் டைப் ஆகி மேலாளர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருப்பதாக அலுவலகப் பெண் ரகசியமாகச் சொல்லிவிட்டாள். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சொன்னாள். "அக்கா, சுடிதாருக்கு ரெண்டு பக்கமும் ஸ்லிட் எதுக்கு வெக்கிறாங்க? வண்டில உக்கார்றதுக்குத்தான? அம்மா கம்பெனில கோட்டு தெச்சா பின்னாடி ஒரு ஸ்லிட் வெச்சிதான் அனுப்புவாங்களாம். உக்காந்தா ரெண்டு பக்கமும் பிரிஞ்சி வியும். அத்தயே இதுக்கும் வெச்சா முடிஞ்சிபோச்சு."

முடிந்துதான் போனது. இரண்டு மணி நேர வேலை. பின்னால் இடுப்பு வரைக்கும் ஒரு வெட்டு, முழங்காலுக்கு நேராகத் துணியைக் கொஞ்சம் தளர்த்தி, தோள் கரையை விரல் அகலம் கீழே இறக்கினாள். எங்களிடம் குதிரை இல்லாததால் ஒரு நீளப் பெட்டியை வரைந்து, கை விரித்த அந்த மரமண்டையின் காலை நாங்களே மடக்கி அதன் மேல் உட்கார வைத்தோம். துணி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் அழகாக விழுந்தது. நான்கு வருடத்தில் அந்த பங்களாவில் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரே பொருள் அதுதான் என்று நான் இப்போதும் சண்டை போடுவேன்.

"நிறம் மட்டும்தான் மாத்தணும்னு போட்டுகீறாங்களேக்கா" என்றாள்.

"நல்லா இருந்தா வேணாம்பாங்களா? புதுசுல வெச்சு அனுப்பு. நான் பாத்துக்கறேன்."

என் வாயால் சொன்னேன். நிறம் மாற்றும் வேலைக்கென்று கம்பெனி தனியாகத் தருகிற சரிபார்ப்புத் தாளில் 'உருவம் மாறவில்லை' என்ற இடத்தில் என் கையால் டிக் போட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேலாளர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். படுக்கையறையாகக் கட்டிய அறை, குளியலறைக் கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். முகம் கறுத்துப்போயிருந்தார். வெளிநாட்டில் சரக்கை ஏற்றும்போது, பழைய உருவமும் புதியதும் ஒன்றுதானா என்று அவர்களுடைய இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்குமாம். ஆறும் திரும்பிவிட்டன. உருவம் மாறினால் முதலிலிருந்து சோதனை செய்ய வேண்டும், அதற்கு நேரமில்லை, விற்பனை தள்ளிப்போகிறது. அனுமதியில்லாமல் கை வைத்தது யார் என்று பெயர் கேட்டிருந்தார்கள்.

"யார் மாத்தினது?"

கோப்பில் கடைசியாகச் சேமித்தவர் இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவருக்கும் தெரியும், சும்மா கேட்டார்.

"சார், குதிர மேல உக்காந்தா வயித்த குத்திகினு வெளிய வருது சார். காசு குடுத்து வாங்கினவங்க திட்றாங்க. நாங்க நேர்ல பாத்தோம்" என்றாள் அவள். பயந்த மாதிரியே தெரியவில்லை. சரியாகச் செய்தவளுக்கு என்ன பயம்?

"கடைல குதிரையா நிக்குது? பீடத்துலதானே நிக்குது? பழசு வித்துச்சா இல்லையா? வித்துச்சு! அப்புறம் என்ன தப்பக் கண்டுபிடிச்சே நீ? யாரைக் கேட்டு மாத்தினே?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன்.

"நானேதான் சார் மாத்தினேன்" என்றாள்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க டிக் போட்டிருக்கீங்க. பாக்கலையா?"

"கவனிக்கலை சார்."

சொல்லிவிட்டேன். எந்தக் குழப்பமும் இல்லாமல், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்பதுபோல. ஏன் சொன்னாய் என்று என்னை நானே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். குடும்பம், வயது, வேறு வேலை கிடைக்காது என்று என்னென்னவோ பதில் தயாரித்தும் பார்த்திருக்கிறேன். எல்லாம் சப்பைக்கட்டு. எனக்குப் பயம். என் அப்பாவுக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது, டவுன்ஷிப்பை விட்ட பிறகு வாங்கிய சொந்த வீடு இருந்தது, வேலை போயிருந்தால் நான் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்திருக்கமாட்டேன். அப்படியும் பயந்தேன். தூ!

பதினோரு மணிக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். தற்காலிக ஊழியருக்கு நோட்டீஸ் தேவையில்லையாம். நான் பத்து நிமிடம் கழித்து, டீ குடிக்கப் போவதுபோல வெளியே வந்தேன். ஈ.சி.ஆர். நிறுத்தத்தில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா நேத்தே நின்னுக்கறேன்னு சொல்ட்டாங்கக்கா. கம்பெனி கார்டக் குடுத்துட்டு, எல்லார்க்கும் சாக்லெட் வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் பொறும்மான்னேன், கேக்கல. இப்போ வூட்ல போய் இன்னான்னு சொல்றது?"

 "நான் அவர்கிட்ட பேசறேன். நான்தான் சொன்னேன்னு சொல்றேன்" என்றேன்.

"வேணாக்கா. உன்க்கும் போய்டும். ஒருத்தி போனது போதும்."

திட்டியிருக்கலாம். அடிப் பாவி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாயே என்று நடுரோட்டில் நாலு பேர் பார்க்கக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நான் மேலாளரிடம் பேசவில்லை. அன்று மதியம் அந்த ஆறு கோப்புகளையும் திறந்து, அவள் வைத்த வெட்டை மூடினேன். முழங்காலுக்குத் தளர்த்தியிருந்ததை இறுக்கினேன். தோள் கரையைப் பழையபடி கன்னத்துக்கு நேராக ஏற்றினேன். ஒரு குறை விடாமல் எல்லாக் குறையையும் அது அது இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். அதற்கும் இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று. அனுப்பியதும் பதில் வந்துவிட்டது, மிகவும் திருப்தியாம். ஆறு நிறமும் விற்றன.

அடுத்த வாரம் நான் வேலைக்குப் போனேன். சதுரங்கப்பட்டினம் முக்கில் டிரைவர் பழக்கத்தில் வேனை நிறுத்திவிட்டார். எதிர்ப்புறம் துணிக் கம்பெனி வேன் நின்றுகொண்டிருந்தது. அவள் அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. கண்ணை முந்தானையால் துடைத்தபடி ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள், தோளில் பை, கையில் அதே சாப்பாட்டு டப்பா. இருவரும் சேர்ந்து போகிறார்கள்.

படியில் காலை வைத்தவள் திரும்பி எங்கள் வேனைப் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கையை ஆட்டினாள். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.